வெள்ளி மோதிரத்தில் பொடி ஓடாமல் உருண்டு நிற்கிறது: வீட்டில் பற்றவைப்பவர்கள் உதவுங்கள்

கம்பிவளையம்

வணக்கம். வெள்ளி வேலை கற்கத் தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. அறுப்பது, வளைப்பது, அரம் போடுவது எல்லாம் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. பற்றவைப்பதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

செய்ய நினைத்தது சாதாரண வளைய மோதிரம். 925 வெள்ளிக் கம்பி, 1.5 மி.மீ. கனம். கையில் இருப்பவை பியூட்டேன் நிரப்பும் சின்ன டார்ச், வெங்காரம் (போராக்ஸ்), தகடாக வாங்கிய வெள்ளிப் பொடி, அதாவது உருகி இரண்டு முனையையும் ஒட்டவைக்கும் கலவை. தகட்டைக் கத்தரித்துத் துணுக்குகளாக வைத்திருக்கிறேன். இதுவரை மூன்று தடவை முயன்றுவிட்டேன். முதல் தடவை பொடி குண்டூசித் தலை மாதிரி உருண்டு, வாயின் (இரண்டு முனையும் சேரும் இடம்) மேலேயே உட்கார்ந்துவிட்டது. எவ்வளவு நேரம் சுடர் காட்டியும் அசையவில்லை. இரண்டாம் தடவை ஒரு முனையில் மட்டும் பரவியது, மறுமுனையைத் தொடவே இல்லை. மூன்றாம் தடவை சுடரைப் பெரிதாக்கினேன். பொடி ஓரமாகக் கிடக்க, கம்பியின் முனை உருகி மணியாகத் திரண்டுவிட்டது.

வெள்ளியை விடக் குறைந்த சூட்டில் உருக வேண்டியதுதானே பொடி? பிறகு எப்படி வெள்ளி முந்தியது? டார்ச் போதவில்லையா, பொடி சரியில்லையா, என் முறை தவறா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊதுகுழல்

தங்கச்சி, மோதிரமே உருகியது என்றால் டார்ச்சில் சூடு போதும். அதை மாற்ற வேண்டாம். பொடியும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். சுடரை எங்கே காட்டினீர்கள்? மோதிரத்தை விளக்குக்கு எதிரே பிடித்தால் வாய் வழியாக வெளிச்சம் தெரிந்ததா? வெங்காரத்தை எப்போது, எங்கெங்கே தடவினீர்கள்?

கம்பிவளையம்

நன்றி அண்ணா. சுடரை நேராகப் பொடியின் மேலேயே காட்டினேன், அதைத்தானே உருக்க வேண்டும் என்று. வாயில் முடி அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. பொடி உருகி அதை நிரப்பிவிடும் என்று விட்டுவிட்டேன். வெங்காரம் தண்ணீரில் கரைத்து, பொடியின் மேல் ஒரு பொட்டு வைத்தேன்.

ஊதுகுழல்

சரி, மூன்றுக்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பொடி எப்போதும் சூடு அதிகமான பக்கம் ஓடும். இது ஒன்று மனதில் ஏறிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பொடியின் மேலேயே சுடர் காட்டினால் அந்தத் துணுக்கு மட்டும் சட்டென்று உருகிவிடும். அடியில் இருக்கும் வெள்ளி இன்னும் ஆறிய நிலையில் இருப்பதால் அதன் மேல் பரவாமல் உருண்டு கொள்ளும். அப்புறம் நீங்கள் காட்டக் காட்ட அந்த உருண்டைக்குள் இருக்கும் துத்தநாகம் ஆவியாகிப் போகும். வெள்ளிப் பொடி என்பது வெள்ளி, செம்பு, துத்தநாகம் சேர்ந்த கலவை. குறைந்த சூட்டில் உருக வைப்பதில் துத்தநாகத்துக்குப் பெரிய பங்கு. அது போய்விட்டால் பொடியின் உருகு நிலை மேலே ஏறும். முதல் தடவை எவ்வளவு காட்டியும் அசையாமல் நின்றதற்கு இதுதான் காரணம். அப்படி ஆன பொடியை எடுத்து எறிந்துவிட்டுப் புதுத் துணுக்கு வைப்பதே நல்லது.

கணக்கைப் பாருங்கள். சுத்த வெள்ளி உருகுவது 962 டிகிரி செல்சியஸில். உங்கள் 925-இல் நூற்றுக்கு 7.5 பங்கு செம்பு. அதனால் அது சுமார் 800 டிகிரியிலேயே இளகத் தொடங்கி, 890-ஐ ஒட்டி முழுதும் உருகும். கடினப் பொடி ஓடி முடிவது ஏறக்குறைய 780-இல், நடுத்தரம் 765-இல், இளகு பொடி 720-இல். தயாரிப்புக்குத் தயாரிப்பு கொஞ்சம் மாறும். கடினப் பொடி ஓடும் சூட்டுக்கும் வெள்ளி இளகும் சூட்டுக்கும் நடுவே எவ்வளவு சின்ன இடைவெளி என்று பாருங்கள். கம்பியின் நுனி மெல்லியது, சூடு போக இடமில்லாதது. அதன் மேலேயே பெரிய சுடரைக் காட்டினால் அது எல்லாவற்றுக்கும் முந்திக்கொள்ளும்.

எனவே சூடாக வேண்டியது மோதிரம். உலோகங்களிலேயே வெப்பத்தை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளிதான். ஒரு மூலையில் மட்டும் சூடு ஏற்றி நிறுத்திவைக்க அது விடாது, எல்லாப் பக்கமும் இழுத்துக்கொள்ளும். அதனால் வாய்க்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். சுடரை வட்டமாக ஓட்டிக்கொண்டே இருங்கள். ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். மோதிரம் முழுதும் சூடேறிய பிறகுதான் வாய்ப் பக்கம் வர வேண்டும். வந்த பிறகும் இரண்டு முனைக்கும் சமமாகக் காட்ட வேண்டும். இரண்டாம் தடவை ஒரு முனையில் மட்டும் பரவியதே, அந்த முனை மற்றதை விடச் சூடாக இருந்திருக்கிறது.

வெங்காரம் பொடிக்கு மட்டும் வைப்பதில்லை. வாயின் உள்ளே, வெளியே, இரண்டு முனையின் முகத்திலும் பட வேண்டும். சூட்டில் செம்பு காற்றோடு சேர்ந்து கறுக்காமல் காப்பது அதன் வேலை. கறுத்த இடத்தில் பொடி ஒட்டாது. தண்ணீரில் குழைத்த வெங்காரம் உங்களுக்கு வெப்பமானியும் கூட. முதலில் தண்ணீர் வற்றும்போது வெள்ளையாகப் பொங்கும். அந்த நேரம் அவசரப்பட்டால் பொடித் துணுக்கைத் தூக்கி எறிந்துவிடும். அதனால் சுடரைத் தள்ளிப் பிடித்து மெதுவாக உலர விடுங்கள். பொங்கியது அடங்கி வெள்ளைப் பொருக்காகப் படியும். 740-ஐ ஒட்டி அது உருகி, தண்ணீர் ஊற்றிய மாதிரி பளபளவென்று கண்ணாடியாகும். அந்தப் பளபளப்பைப் பார்த்ததும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். பொடி ஓட இன்னும் சில நொடிதான்.

விளக்கை அணைத்து அறையைக் கொஞ்சம் இருட்டாக்கினால் இன்னும் நன்றாகத் தெரியும். வெள்ளி மங்கிய சிவப்புக்கு வரும். பொடித் துணுக்கின் மூலைகள் முதலில் மழுங்கும், அப்புறம் அது குனிந்து படுக்கும், சட்டென்று ஒரு பளிச்சென்ற கோடு வாய் நெடுக ஓடும். அந்தக் கோட்டைக் கண்டதும் சுடரை எடுத்துவிடுங்கள். ஒரு நொடி கூட வேண்டாம். வெள்ளியின் மேற்பரப்பே பாதரசம் மாதிரி மினுங்கி அசையத் தொடங்கினால் நீங்கள் தாமதித்துவிட்டீர்கள் என்று பொருள்.

இடைவெளியைப் பற்றி நிலாத்துண்டு சொல்லட்டும். அவர் வாய் கூட்டுவதில் என்னை விட நிதானமானவர்.

நிலாத்துண்டு

வந்துவிட்டேன் அண்ணா.

கம்பிவளையம், பொடி பள்ளத்தை நிரப்பாது. இரண்டு முகமும் தொட்டுக்கொண்டிருந்தால் நடுவே இருக்கும் நூலிழை சந்தில் தானாக ஏறி ஓடும். முடி அளவு வெளிச்சம் தெரிந்தாலும் ஏமாற்றிவிடும். நிரம்பியது போலத் தெரிந்தாலும் தட்டும்போது விரிசல் விடும்.

நான் செய்யும் முறை இது. கம்பி முனைகளை வெட்டும் குறட்டால் வெட்டினால் முனை உளி மாதிரி சாய்ந்து இருக்கும். வாளால் அறுத்து, தட்டை அரத்தால் நேராக்க வேண்டும். அப்புறம் மோதிரத்தை வளைத்து, முனைகளை ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் தாண்டிப் போகும்படி அழுத்துவேன். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. பிறகு இழுத்து நேருக்கு நேர் வைத்தால் கம்பியின் இழுவிசையே முனைகளை ஒன்றோடு ஒன்று அழுத்திப் பிடித்துக்கொள்ளும். விரலை எடுத்தாலும் திறக்காது. அதற்குப் பின் வாய்க்குள் மெல்லிய வாள் அலகை ஒரு தடவை ஓட்டுவேன். இரண்டு முகத்தையும் அது ஒரே நேரத்தில் சீவுவதால் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக அமையும். மறுபடி அழுத்தி மூடி, விளக்குக்கு எதிரே பார்ப்பேன். வெளிச்சம் தெரிந்தால் மறுபடி வாள். ஒருமுறை ஒரே மோதிரத்துக்கு ஏழு தடவை அறுத்தேன். அப்புறம் பொடி வைத்ததும் ஒரே ஓட்டத்தில் ஓடியது.

ஒவ்வொரு அறுப்பிலும் மோதிரம் கொஞ்சம் சிறுத்துப் போகும் என்பதால் கம்பியை அளக்கும்போதே சேர்த்து வெட்டுங்கள். உள் விட்டத்தோடு கம்பியின் கனத்தைக் கூட்டி 3.14-ஆல் பெருக்கினால் நீளம் வரும். உள் விட்டம் 17 மி.மீ., கனம் 1.5 மி.மீ. என்றால் 18.5-ஐப் பெருக்க 58 மி.மீ. வரும். நான் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக விடுவேன்.

இந்த நிலையில் மோதிரம் வட்டமாக இருக்க வேண்டியதே இல்லை. முட்டை மாதிரி, ஏன், ஆங்கில ‘டி’ எழுத்து மாதிரி இருந்தாலும் பரவாயில்லை. வாய் மட்டும் பொருந்தினால் போதும். பற்றவைத்த பிறகு மோதிரக் கோலில் மாட்டிக் கொட்டாப்புளியால் தட்டி வட்டமாக்கிக் கொள்ளலாம்.

இன்னொன்று, கை எண்ணெய். முனைகளைப் பொருத்திய பிறகு சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். அதற்கப்புறம் விரலால் தொடாமல் சாமணத்தால் எடுங்கள்.

மின்சுற்று

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு வைத்திருக்கும் சால்டரிங் அயர்னும் ஈயக் கம்பியும் என்னிடம் இருக்கின்றன. ஒரு வெள்ளித் தொங்கலின் வளையம் விட்டுப் போனது. அதிலேயே ஒட்டினேன், பிடித்துக்கொண்டது. இதற்கு ஏன் டார்ச், இவ்வளவு சூடு?

ஊதுகுழல்

தம்பி, நல்ல வேளை கேட்டீர்கள். அந்தத் தொங்கலைத் தயவுசெய்து இனி டார்ச் பக்கம் கொண்டு போகாதீர்கள். எலக்ட்ரானிக்ஸ் கம்பியில் இருப்பது ஈயமும் வெள்ளீயமும், 183 டிகிரியிலேயே உருகும். பிடிமானம் பலவீனம், சாம்பல் நிறமாகத் தெரியும், ஈயம் தோலில் படும் நகைக்கு ஆகவும் ஆகாது. அதை விடப் பெரிய கேடு பின்னால் இருக்கிறது. அந்த ஈயம் ஒட்டிய வெள்ளியைப் பிறகு யாராவது 700 டிகிரிக்குக் காய்ச்சினால் ஈயமும் வெள்ளீயமும் வெள்ளிக்குள் கலந்து அரித்துக்கொண்டே போகும். தகட்டில் ஓட்டை விழும். ஒருவர் கொண்டு வந்த பழைய சங்கிலியில் யாரோ முன்பு ஈயம் வைத்திருந்ததைக் கவனிக்காமல் நான் சுடர் காட்டிவிட்டேன். கண் முன்னால் கண்ணி குழிந்து போனது. அன்றிலிருந்து பழைய நகை எது வந்தாலும் ஒட்டிய இடத்தை ஊசியால் சுரண்டிப் பார்க்காமல் தொடுவதில்லை. சாம்பல் நிறமாக, மெத்தென்று சுரண்டு வந்தால் அது ஈயம். முழுவதும் அரத்தால் எடுத்த பிறகுதான் சூடு.

உங்கள் தொங்கலிலும் அப்படியே எடுத்துவிடுங்கள். அதற்குப் பயன்படுத்திய அரத்தையும் மணல்தாளையும் வெள்ளி வேலைக்கு எடுக்காமல் தனியாகப் பிரித்து வையுங்கள். ஈயத் தூள் ஒட்டிய அரம் நல்ல வெள்ளியையும் கெடுக்கும்.

மின்சுற்று

புரிகிறது அண்ணா. தனியாக எடுத்து வைத்துவிட்டேன். ஒரு சந்தேகம். பொடி, பொடி என்கிறீர்களே, அது தூளா? எனக்குக் கிடைப்பது தகடும் கம்பியும்தான்.

ஊதுகுழல்

பெயர் அப்படி. பட்டறையில் முன்பு அரத்தால் ராவித் தூளாக்கி, வெங்காரத்தோடு வைத்து ஊதுகுழலால் ஊதினார்கள். பொடி வைத்து ஊதுவது என்பது அதுதான். இன்று தகட்டுத் துணுக்காக இருந்தாலும் கம்பியாக இருந்தாலும் எங்களுக்கு அது பொடிதான். ஊசிக்குழாயில் வரும் பசையும் இருக்கிறது, அதில் வெங்காரம் மாதிரியான பொருளும் சேர்ந்தே இருக்கும். வசதிதான். ஆனால் புதிதாகக் கற்பவர்கள் அளவுக்கு மேல் பிதுக்கிவிடுகிறார்கள். பிறகு அரம் போட்டே ஓய்ந்து போகிறார்கள். துணுக்கு வைத்துக் கற்றால் எவ்வளவு குறைவாகப் போதும் என்று கை தெரிந்துகொள்ளும். 1.5 மி.மீ. கம்பி மோதிரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் சதுரத் துணுக்கு ஒன்றே தாராளம்.

சாம்பல்நீலம்

ஆய்வகத்தில் வேலை செய்கிறவள் நான். வீட்டில் மூன்று வருடமாக வெள்ளி வேலை. இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

பொடி வாங்கும்போது காட்மியம் இல்லாதது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியிருக்கவில்லை என்றால், விற்பவருக்கும் தெரியவில்லை என்றால், வாங்காதீர்கள். காட்மியம் 767 டிகிரியில் கொதிக்கும். நாம் வேலை செய்யும் சூடு அதுதான். அந்தப் புகை நுரையீரலைக் கடுமையாகத் தாக்கும், முதலில் பெரிதாக ஒன்றும் தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் காய்ச்சல் மாதிரி, நெஞ்சு அடைப்பாகத் தொடங்கும். சிறுநீரகத்திலும் தங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் நகைகளிலும் பற்றவைக்கும் பொடியிலும் இதை 2011-இல் தடை செய்தது. பழைய பெட்டியில் கிடைத்தது, யாரோ கொடுத்தது என்று பெயர் தெரியாத பொடியை ஊதவே வேண்டாம்.

காட்மியம் இல்லாவிட்டாலும் காற்றோட்டம் வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, புகை உங்கள் முகத்தைத் தாண்டாமல் வெளியே போகிறதா என்று பாருங்கள். மின்விசிறியை உங்களுக்குப் பின்னால் வைத்தால் சுடர் அலையும், ஜன்னல் பக்கம் வெளியே இழுக்கும்படி வைத்தால் நல்லது. முடியைக் கட்டிக்கொள்ளுங்கள், பருத்தி உடை போடுங்கள். நைலான் தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கண்ணாடி அணியுங்கள். மேஜையில் தண்ணீர், அருகில் தீயணைப்பான். டார்ச்சை நிரப்பும்போது அது ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் எந்தச் சுடரும் இருக்கக் கூடாது.

அடியில் வைக்கும் கல்லைப் பற்றியும் சொல்கிறேன். தீச்செங்கல், கரிக்கட்டி, துளைகள் உள்ள பீங்கான் பலகை இவற்றில் ஏதாவது ஒன்று. சிமெண்ட் துண்டு, ஆற்றுக் கூழாங்கல் இவை வேண்டாம். உள்ளே ஈரம் இருந்தால் ஆவியாகி வெடித்துச் சிதறும்.

கம்பிவளையம்

இவ்வளவு விரிவாகச் சொன்னதற்கு எல்லோருக்கும் நன்றி. பொடிப் பொட்டலத்தைப் பார்த்தேன் அக்கா, காட்மியம் இல்லாதது என்று இருக்கிறது. நடுத்தரப் பொடி. தீச்செங்கல்லும் இருக்கிறது.

நாளை மறுபடி உட்காரப் போகிறேன். முதலில் செம்புக் கம்பியில் பழகட்டுமா, வெள்ளியிலேயே செய்யட்டுமா?

நிலாத்துண்டு

செம்பில் பழகுங்கள். விலை குறைவு என்பதை விட, மனதில் பயம் இல்லாமல் பத்து வளையம் செய்து பார்க்கலாம் என்பதுதான் பெரிது.

ஊதுகுழல்

இதில் எனக்குக் கொஞ்சம் வேறு கருத்து. வாய் பொருத்தவும் சுடர் ஓட்டவும் செம்பில் பழகலாம், தவறில்லை. ஆனால் செம்பு உருகுவது 1085 டிகிரியில். எவ்வளவு சூடு காட்டினாலும் மன்னித்துவிடும். எப்போது நிறுத்த வேண்டும் என்ற பயிற்சி அதில் கிடைக்காது. பத்து வளையம் செம்பில் செய்துவிட்டு அதே கையோடு வெள்ளிக்கு வந்தால் முதல் மோதிரம் மறுபடி மணியாகும். மூன்று செம்பில் செய்யுங்கள், அப்புறம் வெள்ளித் துண்டில் மூன்று.

அதோடு ஒரு துண்டு வெள்ளியை வேண்டுமென்றே உருக்கிப் பாருங்கள். நிறம் எப்படி மாறுகிறது, எந்த நொடியில் மேற்பரப்பு மினுங்குகிறது, எப்படிச் சுருண்டு உருளுகிறது என்று கண்ணால் பார்த்தவருக்கு அந்த எல்லை மறக்காது. உருண்ட மணி வீணாகாது, அடுத்த நகைக்கு அலங்காரமாக வைத்துக்கொள்ளலாம்.

நிலாத்துண்டு

வெள்ளியை வேண்டுமென்றே உருக்கிப் பார்ப்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒப்புக்கொள்கிறேன் அண்ணா, இது செம்பை விட நல்ல பாடம்.

புதுக்கை

பல மாதமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போதுதான் எழுதுகிறேன். இளகு பொடி குறைந்த சூட்டில் ஓடும் என்றால் புதியவர்கள் அதிலேயே தொடங்கலாமே? உருகும் பயம் குறையுமே?

ஊதுகுழல்

பலரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஒரே ஒரு இணைப்பு உள்ள நகைக்குச் சரிதான். ஆனால் இளகு பொடியில் துத்தநாகம் அதிகம். மஞ்சள் சாயல் தெரியும், சில நாளில் கோடு தனியாக நிறம் மாறும். அதோடு இரண்டாவது இணைப்பு வந்தால் என்ன செய்வீர்கள்? முதலில் வைத்த இளகு பொடி மறுபடி உருகித் திறந்துகொள்ளும். முதல் இணைப்புக்குக் கடினம், அடுத்ததற்கு நடுத்தரம், கடைசிக்கு இளகு என்று இறங்கி வருவது அதற்காகத்தான். பழைய இணைப்பின் மேல் காவி மண்ணைத் தண்ணீரில் குழைத்துப் பூசினால் அங்கே பொடி மறுபடி ஓடாமல் தடுக்கலாம். புது இணைப்புப் பக்கம் அது படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பட்டால் அங்கேயும் ஓடாது.

நான் சொல்வது நடுத்தரத்தில் கற்கத் தொடங்குங்கள். வெங்காரம் கண்ணாடியாகும் சூட்டுக்குச் சற்று மேலேதான் அது ஓடும். கண்ணுக்கு அடையாளம் கிடைக்கும்.

கம்பிவளையம்

ஓடிவிட்டது!

செம்பில் மூன்று, வெள்ளித் துண்டில் இரண்டு, அப்புறம் மோதிரம். வாய்க்குள் நான்கு தடவை வாள் ஓட்டினேன். விளக்கு வெளிச்சம் துளியும் தெரியவில்லை. துணுக்கை வாயின் மேல் வைக்காமல் அடியில் செங்கல் மேல் வைத்து, வாய் அதன் மேல் உட்காரும்படி மோதிரத்தை வைத்தேன், ஒரு காணொளியில் பார்த்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து சுடரை ஓட்டினேன். வெங்காரம் பொங்கியது, அடங்கியது, பளபளத்தது. அண்ணா சொன்ன மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அடியில் இருந்த பொடி மேல் நோக்கி ஏறி, வாயின் மேல் விளிம்பில் ஒரு வெள்ளிக் கோடாக எட்டிப் பார்த்தது. புவியீர்ப்பை மீறி மேலே ஏறியதை என் கண்ணால் பார்த்தேன். கை நடுங்கிவிட்டது, ஆனால் சுடரை எடுத்துவிட்டேன்.

மோதிரக் கோலில் மாட்டித் தட்டினேன். திறக்கவில்லை. எங்கே ஒட்டினேன் என்று நானே தேட வேண்டியிருக்கிறது.

இரண்டு சிக்கல். கழுவிய பிறகு மோதிரம் முழுக்க இளஞ்சிவப்பாக, செம்பு பூசியது போல இருக்கிறது. அதைத் தேய்த்து எடுத்து மெருகு ஏற்றினால் அடியில் சில இடத்தில் ஊதா கலந்த சாம்பல் நிறத்தில் கறை. எவ்வளவு தேய்த்தாலும் நிழல் மாதிரி தெரிகிறது.

சாம்பல்நீலம்

வாழ்த்துகள்! அந்தக் கோடு ஏறுவதை முதல் தடவை பார்த்த நாள் எனக்கும் நினைவிருக்கிறது.

இளஞ்சிவப்புக்கு ஒரு கேள்வி. பற்றவைத்த பிறகு கறுப்பைப் போக்கப் போடும் அமிலத் தண்ணீரிலிருந்து மோதிரத்தை எதால் எடுத்தீர்கள்?

கம்பிவளையம்

சிட்ரிக் அமிலம் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீர். எவர்சில்வர் இடுக்கியால் எடுத்தேன் அக்கா. உள்ளே ஒரு இரும்புக் கம்பித் துண்டும் கிடந்தது, மோதிரத்தைக் கட்டிப் பிடிக்க வைத்தது.

சாம்பல்நீலம்

அந்த இரும்புக் கம்பிதான். அமிலத் தண்ணீர் வெள்ளியின் மேலிருக்கும் செம்பு ஆக்சைடைக் கரைத்து எடுக்கிறது, அதனால் செம்பு தண்ணீரில் இருக்கும். இரும்பு உள்ளே போனால் இரும்பு கரைந்து, அந்தச் செம்பு உங்கள் வெள்ளியின் மேல் படியும். மின்முலாம் மாதிரியே. கட்டுக்கம்பியை அவிழ்த்த பிறகே நகையை உள்ளே போடுங்கள். எடுக்க மரம், பிளாஸ்டிக் அல்லது செம்பு இடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். இரும்பை வெளியே எடுத்ததும் அந்தத் தண்ணீர் கெட்டுவிடாது, தொடர்ந்து பயன்படுத்தலாம்.

அளவு 100 மில்லி தண்ணீருக்கு 10 கிராம் சிட்ரிக் அமிலம் போதும். சூடாக இருந்தால் வேகமாக வேலை செய்யும், கொதிக்க விடாதீர்கள். சிவக்கச் சிவக்க நகையை நேராக அமிலத்தில் போடவே கூடாது, துளிகள் தெறித்துக் கண்ணில் படும். முதலில் சாதாரணத் தண்ணீரில் ஆற்றி, அப்புறம் அமிலம். வெளியே எடுத்த பிறகு சமையல் சோடா கலந்த தண்ணீரில் ஒரு முக்கு. சாப்பிடும் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்காதீர்கள்.

ஊதுகுழல்

அந்த ஊதாச் சாம்பல் கறையை நாங்கள் தீக்கறை என்போம். 925-இல் இருக்கும் செம்பு சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து, மேல்தோலில் மட்டுமில்லாமல் உள்ளேயும் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. அமிலம் மேலே இருப்பதை எடுக்கும், உள்ளே இருப்பதைத் தொடாது. நீங்கள் மெருகு ஏற்றியதும் மேலே இருந்த வெள்ளை வெள்ளிப் படலம் போய் அடியில் இருப்பது தெரிகிறது.

இப்போது இருப்பதை எடுக்க நேர்மையான வழி மணல்தாள்தான். 400, 600, 1000 என்று படிப்படியாகப் போங்கள். ஒவ்வொரு படியிலும் முந்திய கீறல் முழுதும் மறைந்த பிறகே அடுத்தது. நேரம் ஆகும்.

அடுத்த தடவை வராமல் செய்ய, சூடு காட்டும் முன் நகை முழுவதும் போரிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த கரைசலில் முக்கி எடுங்கள். கரைசல் பாட்டிலை இறுக மூடி, டார்ச்சிலிருந்து தள்ளி வேறு இடத்தில் வைத்த பிறகே பற்றவையுங்கள். ஆல்கஹால் பச்சைச் சுடராக எரிந்து போய், நகையின் மேல் வெள்ளைப் பூச்சு நிற்கும். அது காற்றைத் தடுக்கும். அப்புறம் வாயில் மட்டும் வெங்காரம். இதை விடவும் பெரிது வேகம். சூட்டில் நகை இருக்கும் நேரம் குறைந்தால் கறையும் குறையும். சின்னச் சுடரோடு ஐந்து நிமிடம் போராடுவதை விட, போதுமான சுடரோடு ஒரு நிமிடத்தில் முடிப்பது நல்லது.

சாம்பல்நீலம்

போரிக் அமிலத்தைத் தொடும்போது கையுறை போடுங்கள். தூளை மூச்சில் இழுக்காதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் தவிர்த்துவிடட்டும் என்பேன்.

புதுக்கை

நானும் ஒன்று கேட்கிறேன். கல் வைக்கும் கிண்ணம் செய்ய ஆசை. தகட்டின் மேல் மெல்லிய பட்டையை வளைத்து நிறுத்திப் பற்றவைத்தேன். பட்டை உருகிச் சரிந்துவிட்டது, தகடு சூடாகவே இல்லை.

நிலாத்துண்டு

தகடு கனம், பட்டை மெல்லியது. மேலிருந்து சுடர் காட்டினால் பட்டை முதலில் போய்விடும். முக்காலியின் மேல் கம்பி வலை வைத்து, அதன் மேல் தகட்டை வைத்து அடியிலிருந்து காட்டுங்கள். தகடு முழுதும் சூடேறிய பிறகு கடைசி சில நொடிக்கு மட்டும் மேலே வந்து பட்டையைச் சுற்றி ஒரு வட்டம், அவ்வளவுதான். பொடித் துணுக்குகளைப் பட்டையின் உள்பக்கம் வைத்தால் வெளியே அரம் போடும் வேலை மிச்சம். பட்டையை முடிந்தால் சுத்த வெள்ளியில் எடுங்கள். 962 வரை தாங்கும், கல்லின் மேல் மடக்கும்போதும் மெத்தென்று வரும்.

தகட்டின் அடிப்பக்கம் சமமாக இருக்கிறதா என்று கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். பட்டையின் அடியையும் மணல்தாளில் எட்டு வடிவில் தேய்த்துச் சமப்படுத்துங்கள். அங்கேயும் அதே வெளிச்சச் சோதனைதான்.

கல் கடைசியில். பற்றவைத்து, அமிலத்தில் போட்டு, மெருகெல்லாம் ஏற்றிய பிறகே கல்லை உட்கார வையுங்கள். முத்து, பவளம், ஓபல், டர்க்காய்ஸ் எதுவும் சுடரைத் தாங்காது.

ஊதுகுழல்

இதோடு சேர்த்து ஒன்று. யாராவது இரண்டு கிண்ணத்தைக் கவிழ்த்து உருண்டை மணி செய்ய நினைத்தால், ஒட்டும் முன் ஊசித் துளை ஒன்று போட்டுவிடுங்கள். முழுதும் மூடிய மணிக்குள் இருக்கும் காற்று சூட்டில் விரிந்து வெடிக்கும். துளை இருந்தால் அமிலமும் உள்ளே புகும் என்பதால், கடைசியில் சோடாத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊற வைத்து, நல்ல தண்ணீரில் பல தடவை அலசி உலர்த்த வேண்டும்.

மின்சுற்று

தொங்கலில் இருந்த ஈயத்தை எல்லாம் அரத்தால் எடுத்துவிட்டேன் அண்ணா. இப்போது சுரண்டினால் பளிச்சென்று வெள்ளி தெரிகிறது. டார்ச் காட்டலாமா?

ஊதுகுழல்

வளையத்தைத் தொட்ட பக்கம் மட்டுமில்லை, உள்பக்கமும் ஓரத்திலும் பாருங்கள், ஈயம் நூல் மாதிரி பரவியிருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு அரத் தள்ளு கூடுதலாக எடுத்துவிடுங்கள். பழைய வளையத்தைத் தூக்கிப் போட்டுப் புதிது செய்யுங்கள், அதில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பார்க்க முடியாது. அப்புறம் இளகு பொடி, ஒரே ஒரு துணுக்கு. தொங்கல்தான் கனம், சூடு அதில் ஏறட்டும், வளையத்தைச் சாமணத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். சாமணமும் சூட்டை இழுக்கும் என்பதால் நுனியால் மட்டும் பிடியுங்கள்.

கம்பிவளையம்

மணல்தாளில் 1000 வரை போய்விட்டேன் அண்ணா. கறை முழுவதும் போய்விட்டது. வாய் இருந்த இடத்தை இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்து அதே கனத்தில் இரண்டு வளையம் பின்னிய மோதிரம் செய்யப் போகிறேன், இரண்டாவது வளையத்தை மூடும்போது முதல் வளையம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும். கடினப் பொடி வாங்க வேண்டுமா?

ஊதுகுழல்

வாங்குங்கள். முதல் வளையம் கடினத்தில், இரண்டாவது உங்களிடம் இருக்கும் நடுத்தரத்தில். இரண்டாவதை மூடும்போது முதல் வளையத்தின் வாயைச் சுடரிலிருந்து தள்ளி, கீழ்ப்பக்கமாகத் திருப்பி வையுங்கள். காவி மண் ஒரு பொட்டு அதன் மேல். இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடத்திலும் கொஞ்சம் காவி வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு சுழலாமல் நின்றுவிடும்.